தூண்டிலில் புதுசாக ஒரு மீன் மாட்டினால்: சிங்கப்பூர் நீர்த்தேக்கக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் எனக்கு மாட்டிய ஒரு மீனின் படத்தை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது ஏதாவது ஒரு மீனின் படத்தை அனுப்பி "இது என்ன?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் தூண்டில் எடுத்துவரும் ஊர்த் தம்பிகள், பள்ளி விடுமுறையில் பேரனைக் கூட்டிவரும் தாத்தாக்கள், என் மச்சான், மச்சானின் நண்பர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மீன் ஆய்வாளன் இல்லை. இருபது வருடமாகத் தூண்டில் பிடிக்கிறவன், அவ்வளவுதான்.

அண்ணே, சிங்கப்பூர்ல எங்க வேணாலும் தூண்டில் போடலாமா? கேஸ் ஆகாதா?

ஆகும். இங்கே 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் மட்டும், அதுவும் கரையில் குறித்துவிட்ட பகுதிகளில் மட்டும்தான் மீன்பிடிக்க அனுமதி. பிடோக், மெக்ரிட்சி, லோயர் பியர்ஸ், லோயர் சிலேத்தார், கிராஞ்சி ஆகியவற்றில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பலகையைப் பாருங்கள். தூண்டில் படம் மட்டும் இருந்தால் போடலாம், அதன்மேல் சிவப்புக் கோடு இருந்தால் கூடாது. மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம்.

"பக்கத்தில் நாலு பேர் போடுகிறார்களே" என்பது பதில் ஆகாது. அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் அபராதம் எழுதுவார்கள். இயற்கை வனப்பகுதிக்குள் ஓடும் ஓடைகளில் தூண்டிலை எடுக்கவே வேண்டாம். ஏன் என்பது நாலாவது கேள்வியில் வருகிறது.

மண்புழு போடலாமா? நம்ம ஊர்ல அதைத்தானே போடுவோம்?

கூடாது. நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டும்தான். ரப்பர்ப் புழு, ரப்பர்த் தவளை, சுழலும் கரண்டி, பிளாஸ்டிக் மீன் எல்லாம் சரி. மண்புழு, இறால், ரொட்டி உருண்டை, கோழித்தோல் எதுவும் ஆகாது. நாம் குடிக்கும் தண்ணீர் அது என்பதை மறக்கக் கூடாது.

வித்தியாசமான மீன் மாட்டிக்கிச்சு. முதல்ல என்ன செய்யணும்?

முதலில் போனை எடுக்காதீர்கள். கையை நனையுங்கள். மீனின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, அதுதான் அதன் தோலைக் கிருமியிலிருந்து காக்கிறது. காய்ந்த கையால் பிடித்தால், துணி போட்டு அமுக்கினால், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் போட்டால் அந்தப் பூச்சு உரிந்துவிடும். நீந்திப் போய்விட்டது, பிழைத்துக்கொள்ளும் என்று நாம் நினைப்போம். நாலு நாள் கழித்து அது பூஞ்சை பிடித்து மிதக்கும்.

முடிந்தால் கைவலையிலேயே, பாதி தண்ணீரில் இருக்கும்படி வைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். நீளமூக்குக் குறடு ஒன்று இடுப்பில் இருக்கட்டும். முள் தொண்டைக்குள் போய்விட்டால் பிடுங்க வேண்டாம், தூண்டில் நரம்பை வாயோரமாக வெட்டிவிடுங்கள். நான் வீட்டிலேயே குறடால் எதிர்முள்ளை, அதாவது தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளை, நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவேன். மீன் ஒன்றிரண்டு தப்பும், ஆனால் மாட்டியதைக் கழற்ற ஐந்து விநாடி போதும்.

பிறகு படம். இரண்டு கையாலும் படுக்கைவாட்டில் தூக்குங்கள், ஒரு கை வயிற்றுக்கடியில் இருக்கட்டும். செவுளுக்குள் விரல் விட்டுத் தொங்கப்போடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படம், தலைக்கு நெருக்கமாக ஒன்று, துடுப்புகள் விரிந்திருக்கும்போது ஒன்று. அளவு தெரிய பக்கத்தில் தூண்டிற்கோலை வையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனையும் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும், அதுதான் என் கணக்கு.

அது அபூர்வ மீனா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எனக்கு வரும் படங்களில் பத்துக்கு ஒன்பது, பார்த்ததும் வாய் பிளக்க வைக்கும் மீன்கள். முதலை மூஞ்சி, சிவப்பு வால், உடம்பெல்லாம் வட்டப்பொட்டு. அவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணின் மீன் இல்லை. யாரோ வீட்டுத் தொட்டியில் விரல் நீளத்தில் வாங்கி, அது தொட்டியை விட நீளமானதும் ராத்திரியில் வாளியில் கொண்டுவந்து கொட்டியது. அதிசயம்தான், ஆனால் அபூர்வம் இல்லை. பிறந்த ஊரில் அது பத்தோடு பதினொன்று.

சிங்கப்பூரின் உண்மையான அபூர்வ நன்னீர் மீன்கள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பெரும்பாலானவை விரல் நீளம், பழுப்பு நிறம். ஆறு பட்டை போட்ட கெண்டைப் பொடி, மண்ணுக்குள் புதையும் சின்ன ஆரல், இலைச்சருகு நிறத்தில் கெளுத்தி. காட்டு நிழலில் ஓடும், புளிப்புத்தன்மை உள்ள, தேநீர் நிறத் தண்ணீரில்தான் இவை வாழும். காட்டை வெட்டி ஓடையைக் கால்வாயாக்கியதும் இவற்றுக்கு இடமில்லாமல் போனது. இப்போது எஞ்சியிருப்பது மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியும் அதற்குள் இருக்கும் நீ சூன் சதுப்புக் காடும்தான். நாட்டில் மிச்சமிருக்கும் கடைசிப் பெரிய நன்னீர்ச் சதுப்புக் காடு அது. அங்கே தூண்டில் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ஓர் ஓடை கெட்டால் ஓர் இனமே இந்த நாட்டிலிருந்து போய்விடும்.

ஆகவே பளபளப்பாக, பெரிதாக, படங்களில் பார்த்தது போல ஒன்று மாட்டினால் வெளியூர் மீன் என்று சந்தேகப்படுங்கள். "அட, சாதா மீன்தான், ஆனா எங்கேயோ இடிக்குதே" என்று தோன்றினால் இன்னொரு தரம் உற்றுப் பாருங்கள்.

அப்போ உங்களுக்கு லோயர் பியர்ஸ்ல கிடைச்சது என்ன மீன்?

இதைச் சொல்லாமல் விட்டால் என் மச்சான் சண்டைக்கு வருவார். டிசம்பர் மாதம், விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலை. தண்ணீர் கலங்கி, கரையோரப் புல் பாதி மூழ்கியிருந்தது. ரப்பர்த் தவளையைப் புல்லோரமாகத் தத்தவிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். பொளக்கென்று ஒரு சத்தம், நரம்பு இறுகியது. இழுத்து வந்து பார்த்தால் விரால். முழங்கையளவு நீளம். நம் ஊர்க் குளத்து விரால்தான், இங்கே மலாயில் ஹாருவான் என்பார்கள். விரால் என்றே நினைத்து முள்ளைக் கழற்றிவிட்டேன்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மலாய்ப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "இது ஹாருவான் இல்லை தம்பி, பூஜோக்" என்றார். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். விராலுக்குத் தலை சப்பையாகப் பாம்புத் தலை மாதிரி இருக்கும். இதற்கு மூக்கு நீண்டு, நெற்றி கொஞ்சம் குழிந்து கூர்மையாக இருந்தது. உடம்பின் பக்கவாட்டில் பெரிய பெரிய கருந்திட்டுகள் ஒரு வரிசை. கண்ணுக்குப் பின்னால் செவுள் மூடிமேல் ஒரு கரும்பொட்டு, இன்னொரு கண் மாதிரி. அறிவியல் பெயர் சன்னா லூசியஸ், காட்டு விரால் என்று வைத்துக்கொள்ளலாம். மலேசியாவிலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கும் மீன், உலக அளவில் அழியப்போகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூரில் காட்டை ஒட்டிய தண்ணீரில்தான் இதற்கு வாழ்வு. பிடோக்கில் நூறு வருடம் உட்கார்ந்தாலும் கிடைக்காது.

இரண்டு படம் எடுத்தேன், ஒன்று ஆடிப்போய்விட்டது. கையைத் தண்ணீருக்குள் இறக்கியதும் அது ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு என் விரலிடுக்கில் வாலை உரசிவிட்டுப் போய்விட்டது.

இந்த முதலை மூஞ்சி மீன் நிஜமாவே சிங்கப்பூர்ல இருக்கா, இல்ல ஏமாத்துறாங்களா?

நிஜம்தான். அலிகேட்டர் கார் என்பது அதன் பெயர். வட அமெரிக்க மீன், இரண்டு மீட்டரைத் தாண்டியும் வளரும். 2023 தொடக்கத்தில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் ஒன்று பிடிபட்டுச் செய்தியானது. மெக்ரிட்சி இந்த நாட்டின் மிகப் பழைய நீர்த்தேக்கம், 1868ல் கட்டி முடித்தது. அதில் அமெரிக்க மீன் எப்படி வந்திருக்கும் என்பதற்கு மேலே சொன்ன வாளிக் கதைதான் விடை.

மாட்டினால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், ஊசி மாதிரி இரண்டு வரிசைப் பல். செதில் ஓடு மாதிரி கெட்டி, ஓரம் கையைக் கிழிக்கும். அதைக் கரையில் போட்டுச் சாகவிட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் வெயிலில் சாக வெகுநேரம் ஆகும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800 476 1600. கூப்பிட்டுச் சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர்களே சொல்வார்கள்.

அரோவானா மாட்டினா லாட்டரிதானே அண்ணே? ஆயிரக்கணக்குல விலை போகுமாமே?

இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. முதலில் எந்த அரோவானா என்று பாருங்கள். தொட்டியிலிருந்து தப்பி நீர்த்தேக்கத்துக்கு வருவது பெரும்பாலும் தென்னமெரிக்க வெள்ளி அரோவானா. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் நீண்டு போய் வாலைத் தொடுகிற மாதிரி இருக்கும், வால் குட்டியாக இருக்கும். கடையில் குட்டியாக மலிவாகவே கிடைக்கும். லாட்டரியும் இல்லை, டோட்டோவும் இல்லை.

விலை போவது ஆசிய அரோவானா. சீனர்கள் டிராகன் மீன் என்று வீட்டில் வைப்பது. நாணயம் போலப் பெரிய செதில், முதுகுத் துடுப்பு குட்டையாகப் பின்னால் தள்ளி இருக்கும், வால் விசிறி மாதிரி தனியாகத் தெரியும். இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1975லிருந்து இருக்கிறது. புலியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. விற்க வேண்டுமானால் பதிவுபெற்ற பண்ணையில், தொட்டியிலேயே பிறந்த பெற்றோருக்குப் பிறந்த மீனாக இருக்க வேண்டும். உடம்புக்குள் மைக்ரோசிப், கையில் சான்றிதழ், இரண்டும் வேண்டும். நீர்த்தேக்கத்தில் பிடித்ததற்கு இரண்டும் இல்லை. அதை விற்கப்போனால் நீங்கள் விற்பது மீன் இல்லை, வழக்கு.

இன்னொன்று. ஆசிய அரோவானாவில் ஆண் மீன்தான் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், ஏறக்குறைய இரண்டு மாதம் சாப்பிடாமல். தாடை உப்பியிருக்கும் அரோவானாவைக் கண்டால் வாயைப் பிளந்து பார்க்காதீர்கள். பயத்தில் அத்தனையையும் துப்பிவிடும். உதவி எண் போன கேள்வியிலேயே இருக்கிறது.

நன்னீர்ல திருக்கை இருக்குமா? என் நண்பன் சத்தியம் பண்றான்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கை, முதுகில் மஞ்சள் வட்டங்கள் போட்டது, அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் குடியேறிக் குட்டி போட்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவும் தொட்டியிலிருந்து வந்ததுதான்.

வால் மேல் விஷமுள் இருக்கிறது. தூண்டில் முள்ளைக் கழற்றவே வேண்டாம், தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால் கையை அல்லது காலைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். சூடு வலியைக் குறைக்கும். கொதிநீர் வேண்டாம். வலியில் சூடு உறைக்காது, தோல் வெந்துவிடும். மஞ்சள் வைத்துக் கட்டுவது அப்புறம் இருக்கட்டும்.

திரும்ப விட்டா குத்தம்னு ஒருத்தர் சொல்றார், விடாட்டி குத்தம்னு இன்னொருத்தர் சொல்றார். எதுதான் சரி?

இருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவந்து இயற்கையில் விடுவது குற்றம். 2020லிருந்து நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. தொட்டி மீனைக் கொட்டுவது, பிடோக்கில் பிடித்ததைக் கிராஞ்சியில் விடுவது எல்லாம் இதில் வரும். அந்தத் தண்ணீரில் பிடித்ததை அப்போதே அங்கேயே இறக்கிவிடுவது தூண்டில்காரர்களின் வழக்கம். உள்ளூர் மீன் என்று தெரிந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் செய்வேன்.

இடறுவது வெளியூர் மீன் விஷயத்தில்தான். நாம் ஆசையாகப் பிடிக்கும் பீகாக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பெரிய விரால் இனமான தோமானும் இந்தத் தீவின் பூர்வீக மீன் இல்லை. இரண்டும் பல ஆண்டுகளாக இங்கே குடும்பம் நடத்துகின்றன. பிடிப்பவர்கள் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுகிறார்கள், நானும்தான். அலிகேட்டர் கார், திருக்கை மாதிரி பெருகினால் ஆபத்தான மீன் என்றால் விடுவதா வைப்பதா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கைவலையில் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு போன் போடுங்கள்.

விரால் இனமாக இருந்தால் வலையை முழுதாக அமிழ்த்தாதீர்கள். அவை மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மீனே மூழ்கிச் செத்துப்போகும்.

விசாக தினத்துக்கு (புத்த பூர்ணிமா) மீன் வாங்கி விடுறது புண்ணியம்தானே? அம்மா கேக்கச் சொன்னாங்க.

அம்மாவின் மனசு நல்ல மனசுதான். ஆனால் கடைத் தொட்டியில் வளர்ந்த மீனுக்கு இரை தேடத் தெரியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். சாகாமல் பிழைப்பது அதைவிட மோசம், அது உள்ளூர் மீனின் முட்டையைத் தின்று பெருகும். ஒவ்வொரு விசாகத்தையும் ஒட்டி அதிகாரிகளும் தொண்டூழியர்களும் நீர்த்தேக்கக் கரைகளில் நின்று "விடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். அந்தக் காசுக்கு யாருக்காவது ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிடிச்சதைக் குழம்பு வெச்சா என்ன?

விரால் குழம்பின் ருசியை நான் மறுக்க மாட்டேன். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு ஹாருவான் சூப் கொடுப்பது இங்கே மலாய், சீனக் குடும்பங்களிலும் வழக்கம். ஆனால் அதற்குத் தேக்கா சந்தை இருக்கிறது. என்ன இனம் என்று தெரியாத மீனைச் சட்டியில் போடாதீர்கள். அலிகேட்டர் காரின் முட்டை மனிதருக்கு விஷம், இது பலருக்குத் தெரியாது.

பச்சையாக மட்டும் வேண்டவே வேண்டாம். 2015ல் இங்கே பச்சை நன்னீர் மீனால் பரவிய ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. தோமான் மீனும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறத் தடை வந்தது.

வீட்டுத் தொட்டியில வளர்க்கலாமா மாமா? சின்னதாதான் இருக்கு.

வேண்டாம்டா கண்ணா. சின்னதாக இருந்ததைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். தோமான் ஒரு மீட்டர் வளரும், உங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் எங்கே வைப்பாய்? அரோவானா என்றால் சிப், சான்றிதழ் கதையை மேலே படி.

ஃபேஸ்புக்ல படம் போடலாமா? இடத்தைச் சொல்லலாமா?

படம் போடுங்கள், கரையில் எந்த இடம் என்று மட்டும் சொல்லாதீர்கள். காட்டு விரால் இருக்கிறது என்று தெரிந்தால் அதைப் பிடித்துத் தொட்டி வியாபாரிக்கு விற்க ஆள் வந்துவிடும். பின்னணியில் பாலமோ கோபுரமோ தெரிந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். போனில் எடுத்த படத்தோடு இருப்பிடக் குறியும் சேர்ந்து போகும், அதை அணைத்துவிட்டு அனுப்புங்கள்.

சரியான இடம், தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய ஆட்கள் வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் மீன் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தெளிவான படத்தோடு எழுதினால் மதித்துப் பார்ப்பார்கள். ஆடிப்போன என் படத்தில்கூட அந்தச் செவுள் பொட்டு தெரிந்தது.

அந்தக் காட்டு விரால் திரும்பவும் மாட்டுச்சா?

இல்லை. அதே புல்லோரம், அதே தவளை, மழை விட்ட காலையாகப் பார்த்து எத்தனையோ தடவை போய்விட்டேன். பீகாக் பாஸ் வருகிறது, ஜிலேபி வருகிறது, ஒருநாள் யாரோ தொலைத்த ஜப்பான் செருப்பு வந்தது. அந்தப் பெரியவர் இன்னும் வருகிறார். என்னைக் கண்டால் "பூஜோக்?" என்று மட்டும் கேட்பார். நான் கையை விரிப்பேன்.